எங்கே தோண்டினாலும் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு நாச்சாயி இருந்தா. ம் கொட்டு சாமி, நீ ம் கொட்டினாத்தான் கதை நகரும். ஆங், அப்படி.

அந்த ஊருக்குத் தட்டுப்பாறைன்னு பேரு. மத்த ஊர் மாதிரி இல்லை அது. அங்க தரை ரொம்ப மெலிசு. தரைக்கு அந்தப்பக்கம் இன்னொரு உலகம். அங்கயும் ஒரு ஊரு, அங்கயும் வீடு வாசல், ஆடு மாடு, அடுப்புப் புகை. இப்போ நீ சுவத்துல உள்ளங்காலை ஒட்டி வெச்சுப் படுத்திருக்கியா, அடுத்த வீட்டுப் பாப்பாவும் அதே சுவத்துல அந்தப்பக்கம் காலை ஒட்டி வெச்சிருக்குன்னு நெனச்சுக்க. அந்த மாதிரிதான் ரெண்டு ஊரும், காலோட கால் ஒட்டி இருந்துச்சு. நமக்கு அவங்க கீழ. அவங்களுக்கு நாம கீழ.

தரையில காதை வெச்சாக் கேக்கும். டொம்மு டொம்முனு அவங்க உரல் இடிக்கிறது, கொக்கரக்கோன்னு அவங்க சேவல் கூவுறது, எல்லாம் கேக்கும். யாருக்கும் பயம் இல்லை. பழகிப்போச்சு. இங்க யாராவது ஊசியைத் தவற விட்டா அது அந்தப்பக்கம் போயிரும். அங்க காணாமப்போன கரண்டி இங்க சாணி மெழுகுறப்போ கையில சிக்கும்.

ஒரு தடவை அந்தப்பக்கத்து ஆடு ஒண்ணு, தரை விட்டுப்போன ஒரு இடத்துல, செடி முளைச்சாப்ல இந்தப்பக்கம் வந்து நின்னுச்சு. மே...ன்னு கத்துச்சு. சின்ன ஆடு. பாவமேன்னு யாரோ ஒரு சட்டி தண்ணி வெச்சாங்க. மடமடன்னு குடிச்சுது. அப்புறம் அந்த ஓட்டைக்கிட்டயே கொண்டுபோய்த் திருப்பி அனுப்பலாம்னு பாத்தா, அது போகமாட்டேங்குது. போகமாட்டேங்குதுன்னா, அதுக்கு ஆசைதான், ஓட்டைதான் விடலை. காலை வெச்சா காலைத் தள்ளிவிடுது, தலையை வெச்சா தலையைத் தள்ளிவிடுது. அப்பத்தான் ஊருக்கே புரிஞ்சுது. எந்தப்பக்கத்துத் தண்ணியைக் குடிக்கிறோமோ அந்தப்பக்கத்து ஆளு ஆயிடறோம். அப்புறம் திரும்ப முடியாது.

ம்? ஆடு என்ன ஆச்சா? இருந்துச்சு. குட்டி போட்டுச்சு. ஆனா சாகுற வரைக்கும் தினம் அந்த இடத்துல போய்ப் பறக் பறக்குனு கொளம்பால மண்ணைக் கீறிக்கிட்டே இருந்துச்சாம்.

நாச்சாயி புருசன் செங்கோடன், கிணறு வெட்டுறவன். அவன் உள்ள இறங்கி வெட்டுவான், இவ மேல நின்னு மண்ணுக்கூடையைக் கயிறு போட்டு இழுப்பா. கூடை வர்ற கனத்தை வெச்சே உள்ள எந்த மண்ணு வருதுன்னு சொல்லிடுவா. அவங்களுக்கு ஒரே பொண்ணு. வடிவுன்னு பேரு. நாலு வயசு.

அப்போ மழை நின்னுச்சு.

ஒரு வருசம் பெய்யலை. சரி, அடுத்த வருசம் பெய்யும்னாங்க. அடுத்த வருசமும் பெய்யலை. மூணாவது வருசம் கிணத்துல எல்லாம் சேறு, அப்புறம் சேறும் காஞ்சு வெடிச்சு ஓடு ஓடா நின்னுச்சு. செங்கோடன் ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டு மேக்கால போனான். தண்ணி இருக்கிற ஊரைப் பாத்து வெச்சிட்டு ஒரு மாசத்துல வந்து கூட்டிட்டுப் போறேன்னான். ஒரு மாசம் ஆச்சு, நாலு மாசம் ஆச்சு. ஆளும் வரலை, சேதியும் வரலை. ஊர்ல ஒவ்வொரு வீடா மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு. நாச்சாயியையும் கூப்பிட்டாங்க. அவ போகலை. புருசன் வந்து தேடுவானேங்கிறது ஒண்ணு. அதோட, வடிவால நடக்க முடியலை. தோள்ல தூக்கிட்டு வெயில்ல அத்தனை தூரம் போனா, போய்ச் சேர்ற எடத்துக்குப் புள்ளை வந்து சேராதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருச்சு.

சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள்ளு தேச்சுப் பிழிஞ்சு, அந்தச் சாறைத்தான் வடிவு வாயில விடுவா. முன்னெல்லாம் அந்தப் புள்ளை தண்ணி தண்ணின்னு அழும். அப்புறம் கேக்குறதையே விட்டிருச்சு. உதட்டுல தோல் உரிஞ்சு, கண்ணை மட்டும் திறந்து வெச்சுக்கிட்டு அம்மாவையே பாக்கும். கேட்டு அழுதப்போ நாச்சாயிக்கு எரிச்சலா வரும். கேக்காம பாக்கிறப்போ அவதான் முகத்தைத் திருப்பிக்குவா.

ம்.

அப்போ ஒரு நாள் காலையில அவ தரையில படுத்திருக்கா. அந்தப்பக்கத்துல இருந்து சத்தம் வருது. சலசல... சலசல... எந்திரிச்சு உக்காந்தா. மறுபடியும் காதை வெச்சுப் பாத்தா. சலசலசலசல. தண்ணி ஓடுறாப்ல அவ்வளவு தெளிவா இருக்கு. ஊரை விட்டுப் போனவங்களும் இதைக் கேட்டிருக்காங்க. ஆனா தரையைக் கிழிக்கக் கூடாது, கிழிச்சா ரெண்டு ஊருக்கும் ஆகாதுன்னு சொல்லிட்டு வேற பக்கம் பாத்துப் போயிட்டாங்க. அவங்க புள்ளைங்களால நடக்க முடிஞ்சுது. நாச்சாயி செங்கோடனோட கடப்பாரையை எடுத்தா, வடிவை முதுகுல துணியால கட்டினா, ஊர்ப் பொதுக் கிணத்துல இறங்கினா. ஊர்லயே ஆழமான கிணறு அதுதான். அடியில கொஞ்சம் குளுமையாவும் இருக்கும். ஒரு மூலையில துணி விரிச்சு புள்ளையைப் படுக்க வெச்சிட்டுத் தோண்ட ஆரம்பிச்சா.

முத நாள் காஞ்ச சேறு. சரக்கு சரக்குனு வந்துச்சு.

ரெண்டாம் நாள் வெள்ளைப் பாறை. ணங்கு ணங்குனு கடப்பாரை தெறிக்குது. கையில கொப்புளம் வந்து, உடைஞ்சு, கைப்பிடி எல்லாம் வழுக்குது. அப்பப்போ நிறுத்திட்டு வடிவு மூக்குக்கிட்ட விரலை வெச்சு மூச்சு வருதான்னு பாப்பா. மறுபடி ணங்கு ணங்கு. அவ நிறுத்தினப்புறமும் ரெண்டு தடவை ணங்குன்னு கேட்டுச்சு. கிணத்துக்குள்ள எதிரொலிக்குதுன்னு நெனச்சுக்கிட்டா.

மூணாம் நாள் உச்சி வெயில் நேரம். பாறை போயி பால் ஆடை மாதிரி ஒண்ணு வந்துச்சு. அதுதான் ரெண்டு உலகத்துக்கும் நடுவுல இருக்கிற தோலு. நாச்சாயி சாமியைக் கும்பிடலை, யோசிக்கலை, ஓங்கி ஒரு குத்து விட்டா. பொதக். கடப்பாரை உள்ள போச்சு. போயி, அந்தப்பக்கம் இரும்பு மேல டிங்குன்னு முட்டுச்சு.

அங்கயும் ஒருத்தி கடப்பாரையோட தோண்டிக்கிட்டு இருந்திருக்கா.

ரெண்டு முனையும் முட்டின இடத்துல ஓட்டை விழுந்துச்சு. பானை வாய் அகலத்துக்கு. நாச்சாயி குனிஞ்சு பாத்தா. அந்தப்பக்கம் ஒரு பொம்பளை முகம் குனிஞ்சு இவளைப் பாக்குது. இவ வயசுதான் இருக்கும். தலையில புழுதி, உதட்டுல வெடிப்பு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கேட்டாங்க, "உங்க பக்கம் தண்ணி இருக்கா?"

ரெண்டு பேரும் ஒரே மாதிரி இல்லைன்னு தலையை ஆட்டினாங்க.

அந்தப்பக்கமும் மூணு வருசமா மழை இல்லையாம். அவங்களும் இந்தப்பக்கம் தண்ணி ஓடுறதா நெனச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்கும் சலசலன்னு கேட்டுச்சாம். அப்புறம் அந்தப் பொம்பளைதான் சொன்னா, எங்க ஊர்ல வாகை மரம் நிறைய, இலை எல்லாம் கொட்டி வெறும் நெத்து, அதான் காஞ்சுபோன காயி, அது மட்டும் தொங்குது, காத்தடிச்சா அதுதான் சத்தம் போடும்னு. நாச்சாயி நிமிந்து பாத்தா. இவங்க கிணத்து மேட்டுலயும் வாகை மரம்தான் நிக்குது. நெத்துத்தான் ஆடுது. காஞ்ச நெத்து காத்துல ஆடுறதைக் கேட்டுட்டு, ரெண்டு ஊரும் அந்தப்பக்கம் ஆறு ஓடுதுன்னு நம்பியிருக்கு.

நாச்சாயி அப்படியே சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. அவ கண்ணுல தண்ணி கூட வரலை. வர்றதுக்கு உடம்புல இல்லை.

அப்போ அந்தப் பொம்பளை மூலையில கிடந்த வடிவைப் பாத்தா. உன் பொண்ணான்னு கேட்டா. ஆமான்னா. உசிரு இருக்கான்னு கேட்டா. இருக்குன்னா. அந்தப் பொம்பளை தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா, எனக்கு ரெண்டு பசங்க, பெரியவன் போன மாசம் போயிட்டான், சின்னவன் முந்தாநேத்து. அவனுக்குன்னு ஒரு குடம் தண்ணி சேத்து வெச்சிருந்தேன், கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தேன், ஆனா உடம்பு ஏத்துக்கலை. குடத்துல முக்காலும் அப்படியே இருக்குது.

"அப்புறம் எதுக்குத் தோண்டுற?" நாச்சாயி கேட்டா.

"வீட்டுக்குப் போக முடியலை" ன்னா அவ.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

அந்தப் பொம்பளை போயி குடத்தைத் தூக்கிட்டு வந்தா. உன் பொண்ணுக்குக் குடுன்னு சொல்லி, ரெண்டு கையிலயும் தண்ணியை அள்ளி ஓட்டை வழியா நீட்டினா. நாச்சாயி ஓட்டை வாயில கையை ஏந்தினா. தண்ணி அந்தத் தோலைத் தாண்டினதும் புழுதியா உதிர்ந்துச்சு. நாச்சாயி கையில வெறும் மண்ணு. சரின்னு சேலை முந்தியை நனைச்சு நீட்டினா. தாண்டினதும் துணி மொடமொடன்னு காஞ்சு போச்சு. அப்புறம் நாச்சாயி வடிவைத் தூக்கிட்டு வந்து புள்ளை வாயை ஓட்டைக்கிட்ட வெச்சா. அவ அந்தப்பக்கத்துல இருந்து ஒரு விரலைத் தண்ணியில முக்கி நீட்டினா. புள்ளை நாக்கை நீட்டுது. நாக்குல பட்டது மண்ணு. வடிவு துப்பக்கூடத் தெம்பு இல்லாம முகத்தைத் திருப்பிக்கிச்சு.

அப்போதான் பாத்தாங்க, ஓட்டை சின்னதாகுது. பால்ல ஆடை கூடுற மாதிரி ஓரத்துல இருந்து மெதுவா மூடிக்கிட்டு வருது. நாச்சாயி கடப்பாரையால ஓரத்தைப் பேத்துப் பாத்தா. பேக்கப் பேக்க மூடுது. தன் தோளை நுழைச்சுப் பாத்தா. தோள் போகலை.

ரெண்டு பொம்பளைங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. என்ன செய்யணும்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அந்தப் பொம்பளைதான் முதல்ல வாயைத் திறந்தா. ஒரு குடம்தான் இருக்கு, எத்தனை நாள் வரும்னு சொல்லத் தெரியலை, நான் குடிக்கமாட்டேன்னா. நாச்சாயிக்கு ஆட்டு நெனப்பு வந்துச்சு. அங்க ஒரு வாய் குடிச்சா இந்தப் புள்ளை அங்கதான். இங்க வெச்சிருந்தா நாளைக்குள்ள இல்லை.

வடிவு கண்ணைத் திறந்து, எங்கன்னு கேட்டா. தண்ணி குடிக்கன்னா நாச்சாயி.

"நீயும் வருவியா?"

"பின்னாலயே வர்றேன் போ."

புள்ளையைத் தலைகீழாப் பிடிச்சு, பொறக்கிற புள்ளை மாதிரி தலையை முதல்ல விட்டா. அந்தப் பொம்பளை ரெண்டு கையாலயும் தலையைத் தாங்கி மெல்ல மெல்ல இழுத்தா. தோளு, இடுப்பு, முட்டி. கடைசியா ஒரு பாதம் நாச்சாயி கையில இருந்துச்சு. அதை எப்போ விட்டான்னு அவளுக்கே தெரியலை.

"அவ பேரு வடிவு"ன்னா. "சோத்துல மொளகா இருந்தாத் திங்கமாட்டா."

மடக் மடக்குனு அந்தப்பக்கம் குடிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒரு இருமல். அப்புறம், எத்தனையோ நாளைக்கு அப்புறம், புள்ளை வாய்விட்டு அழுதுச்சு. அழுதப்போ கன்னத்துல கண்ணீர் ஓடுச்சு. நாச்சாயி பாத்துக்கிட்டே இருந்தா. புள்ளை அம்மான்னு கூப்பிட்டுக் கையை நீட்டுது. அப்போ ஓட்டை உள்ளங்கை அளவு. அப்புறம் கண்ணு அளவு. இவ விரலை வெச்சா, தோல் விரலைத் தள்ளிவிட்டுச்சு. அவ்வளவுதான். மூடிக்கிச்சு.

ம்.

அப்புறம் நாச்சாயி கிணத்தை விட்டு ஏறலை. அங்கயே காதை வெச்சுப் படுத்துக்கிட்டா. மூணு நாள் ஒண்ணும் கேக்கலை. நாலாம் நாள் டப்பு டப்புனு சின்னக் காலு நடக்குற சத்தம் கேட்டுச்சு. நின்னு நின்னு நடக்குது. நாச்சாயி எந்திரிச்சுக் கடப்பாரையை எடுத்தா. இந்தத் தடவை தன் உடம்பு போற அளவுக்கு வெட்டணும், போயிரணும், அங்க தண்ணி இல்லைன்னா மூணு பேரும் ஒண்ணா இருந்து சாகலாம்னு முடிவு பண்ணிட்டா. மூடின தோலு, புண்ணு மேல பக்கு கட்டினாப்ல கெட்டியாயிருந்துச்சு. அணு அணுவா வெட்டினா. கள்ளிப் பழம் பறிக்க மட்டும் மேல ஏறுவா, உடனே இறங்கிருவா. எட்டு நாள். நல்லாக் காதை வெச்சா வடிவு இருமுறது கேக்குது. இன்னும் ஒரு நாள் வெட்டினாப் போதும்.

அப்போ வானம் கடகடன்னுச்சு.

மூணு வருசமா ஊரே எதுக்கு ஏங்குச்சோ அது வந்துச்சு. சடசடசடசடன்னு கொட்டுது. நாச்சாயி கிணத்தடியில நின்னு மேல பாத்தா. இன்னைக்கு வேண்டாம்னா. நாளைக்குப் பெய்யி, நாளைக்கு எவ்வளவு வேணாலும் பெய்யின்னா. முகத்துல தண்ணி அடிக்குது, வாயில போகுது, அவ துப்புறா. வெட்டுன குழி நிறைஞ்சுது. மண்டி போட்டு ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி வீசினா. முட்டி வரைக்கும் வந்துச்சு, இடுப்பு வரைக்கும் வந்துச்சு. தண்ணிக்குள்ள மூழ்கிக்கிட்டே குத்தினா. கடைசியில தண்ணிதான் அவளைத் தூக்கி மேல கொண்டுவந்துச்சு. சாகலாம்னு நெனச்சா கூட விடலை அது.

மூணு நாள் விடாம பெஞ்சுது. கிணறு கழுத்து மட்டும் நிறைஞ்சுது. போனவங்க எல்லாம் கொட்டு அடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்தாங்க, செங்கோடன் மட்டும் வரலை. நீதான் ஒத்தையா தோண்டி கிணத்தைக் காப்பாத்தினேன்னு நாச்சாயி காலைத் தொட்டாங்க. கிணத்தை இறைச்சுக் குடுங்க, என் பொண்ணு அடியில இருக்கான்னு அவ சொன்னா. புள்ளை முழுகிருச்சு, அதுல இவளுக்குப் புத்தி கலங்கிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. இருந்தாலும் பாவம்னு நாலு ஜோடி மாடு பூட்டி ரெண்டு நாள் இறைச்சாங்க. ஒரு சாண் இறங்குச்சு. மறு நாள் ரெண்டு சாண் ஏறுச்சு.

நாச்சாயி தரையில காதை வெச்சுப் பாத்தா. ஒண்ணும் கேக்கலை. ஈர மண்ணு சத்தத்தை விடாது சாமி. ஊரு முழுக்கச் சுத்தி, வயக்காடு, வாசல், கோயில் எல்லா எடத்துலயும் படுத்துப் பாத்தா. அங்க மழை பெஞ்சுதா, பெய்யலையா? அந்த ஒரு குடம் எத்தனை நாளைக்கு வந்துச்சு? ஒண்ணுமே தெரியலை. கூப்பிடலாம்னா அந்தப் பொம்பளை பேரும் தெரியலை. அவசரத்துல கேக்காம விட்டுட்டா. தன் புள்ளை யாரை அம்மான்னு கூப்பிடும்னுகூட அவளுக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு நாள் கடப்பாரையைத் தோள்ல வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டா. மத்த ஊர்ல தரை தடிமன்தான், இருந்தாலும் அடியில அதே தோலுதான் இருக்கும், ஈரம் இல்லாத எடமாப் பாத்துத் தோண்டினா அது வரைக்கும் போயிரலாம்னு அவ கணக்கு.

முதல்ல ஒரு கரட்டு மேட்டுக்குப் போனா. பத்து ஊருக்குள்ள காஞ்ச மேடு. இருபது ஆள் ஆழம் தோண்டினா. பீச்சுன்னு அடிச்சுது ஊத்து.

அப்புறம் உப்புப் பூத்த காடு ஒண்ணு. அங்க யாரு தோண்டியும் எந்தக் காலத்துலயும் நல்ல தண்ணி வந்ததில்லைன்னு அந்த ஊர்க்காரங்களே சொன்னாங்க. அது போதும்னு நாச்சாயி சந்தோசப்பட்டா. எட்டு மாசம் தோண்டினா. இளநி மாதிரித் தண்ணி வந்துச்சு. ஊரே பானையைத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு. அவ மட்டும் ஓரமா உக்காந்து தலையில தலையில அடிச்சுக்கிட்டா.

சேதி பரவிருச்சு. நாச்சாயி கை பட்டாத் தண்ணி வரும்னு வண்டி கட்டிக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போனாங்க. அவளும் போனா. இங்கயாவது வராம இருக்குமான்னு ஒவ்வொரு ஊருக்கும் போனா. கடப்பாரைக்கு மஞ்சப் பூசினாங்க. பொறந்த புள்ளைங்களைக் கொண்டுவந்து அவ மடியில போட்டாங்க. தலை நரைச்சுப்போச்சு.

கடைசியா மொட்டைப் பாறை ஒண்ணு. புல்லு கிடையாது, பூச்சி கிடையாது. அதுல ரெண்டு வருசம் வெட்டினா. ரெண்டாவது வருசக் கடைசியில காதை வெச்சா, ஏதோ கேக்குறாப்ல இருந்துச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. ஆளு பேச்சு மாதிரி இருந்துச்சு, பொம்பளைக் குரல் மாதிரி இருந்துச்சு. இன்னும் ஒரு குத்து விட்டா. பாறை பிளந்துச்சு. குபுகுபுகுபுன்னு தண்ணி.

மேல நின்னு பாத்த ஊர்ச் சனம் எல்லாம் கும்பிட்டு விழுந்துச்சு. ஈரச் சேலையோட ஏறி வந்தவளை ஒரு வயசான பொம்பளை கையைப் பிடிச்சு உக்கார வெச்சா. எங்களுக்கு உசிரு குடுத்துட்டே தாயி, உனக்கு என்ன வேணும் கேளுன்னா.

"தண்ணி வராத எடம் ஒண்ணு வேணும்"னா நாச்சாயி.

எல்லாரும் சிரிச்சாங்க. ஏதோ வேடிக்கையாப் பேசுறான்னு நெனச்சுக்கிட்டாங்க. ஒரு தூக்குல தயிர் சாதம் கட்டிக் குடுத்தாங்க. அவ அதை வாங்கிக்கிட்டு, கடப்பாரையை எடுத்துக்கிட்டு, வெயில் ஜாஸ்தியாத் தெரியுற திசையாப் பாத்து நடந்தா.

வடிவா? வடிவு என்ன ஆனான்னு எனக்குச் சொன்னவங்களுக்கும் தெரியலை சாமி. எனக்கும் தெரியலை.

இருந்த கதையைச் சொல்லிட்டேன், மிச்சக் கதை நாச்சாயி கூட நடந்து போயிருச்சு. நீ கண்ணை மூடித் தூங்கு.